ஹார்ன்ஸ்டேல் பேட்டரி: ஒரு மளிகைக்கடைக்காரரின் மதிப்புரை

2016 செப்டம்பர் 28. புயலில் தென் ஆஸ்திரேலியா முழுக்கக் கரண்ட் போனபோது அடிலெய்டில் என் கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கார்டு மெஷின் செத்துவிட்டது. ஒருவரிடம் சில்லறை இருந்தது, மற்ற இருவருக்கும் கடன் எழுதிக்கொண்டேன். மறு வாரமே ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிப் போட்டேன். அடுத்த ஆண்டு டிசம்பர் 1 அன்று மாநிலத்துக்கே ஒரு பெரிய பேட்டரி வந்து சேர்ந்தது. 100 நாளில் முடிக்காவிட்டால் காசு வேண்டாம் என்று எலான் மஸ்க் சவால் விட்டாரே, அதுதான் இந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி.

போன வருடம் நேரில் போய்ப் பார்த்தோம். அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர், ஜேம்ஸ்டவுன் பக்கம். தூரத்தில் காற்றாலைகள், வேலிக்கு அந்தப் பக்கம் ஆளுயர வெள்ளைப் பெட்டிகள், ஃப்ரிட்ஜ் குடோன் மாதிரி வரிசை வரிசையாக. “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்றாள் மனைவி.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி இது ஊரைத் தாங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தாங்காது. ஆரம்பத்தில் இருந்தது 100 மெகாவாட் வேகம், 129 மெகாவாட்-மணி கொள்ளளவு. முழுவேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. 2020-இல் 150 மெகாவாட் ஆக்கினார்கள், அப்போதும் அதே கதைதான்.

காசு மிச்சமாவது வேறு இடத்தில். கம்பியில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற தாளத்தில் நிற்க வேண்டும். தாளம் தப்பினால் உடனே கூட்டிக் குறைக்க ஆள் வேண்டும். முன்பு அந்த வேலைக்கு எரிவாயு மின்நிலையங்களைத்தான் நம்பியிருந்தார்கள். அவையும் ஒரு சிலதான் என்பதால் நெருக்கடி நேரத்தில் கேட்டதுதான் விலை. தெருவில் என் கடை மட்டும் இருந்தால் நான் வைக்கும் விலையை யோசித்துப் பாருங்கள்! பேட்டரி கண் சிமிட்டும் நேரத்தில் அதைச் செய்துவிடுவதால் அந்த விலை சரிந்தது. ஆரெகான் என்ற பொறியியல் நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் மட்டும் 11.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் மிச்சம். கட்டவே சுமார் 9 கோடிதான் ஆனது.

குறையும் உண்டு. 2019-இல் சில மாதங்கள், தருவதாக ஒப்புக்கொண்ட சேவைக்குத் தயாராக இல்லாமலே இருந்திருக்கிறது. 2022-இல் நீதிமன்றம் 9 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அப்புறம் என் பில். மூன்று ஃப்ரீசர் ஓடும் கடை. பேட்டரியால் இவ்வளவு குறைந்தது என்று பில்லில் ஒரு வரி கிடையாது. மிச்சமெல்லாம் மொத்தச் சந்தையில். இங்கே சில்லறைக் கட்டணம் நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. துவரம்பருப்பு மொத்த விலை இறங்கினால் நானும் உடனே இறக்குவதில்லை என்பதால் இதைப்பற்றி அதிகம் பேச முடியவில்லை.

ஐந்துக்கு நான்கு. ஜெனரேட்டரை இன்னும் விற்கவில்லை. பின்கட்டில் அதன்மேல் அப்பளப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன்.