மொறிஸ் மைனருக்கு முன் டிஸ்க் பிறேக்: பொருத்தி ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

மலைநாட்டுப் பாதைகளில் ஓடும் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காருக்கு முன் டிஸ்க் பிறேக் (சில்லோடு சுழலும் தட்டை இருபுறமும் பாட்கள் இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பிறேக்) அவசியம் என்றே சொல்வேன். யாழ்ப்பாண நகருக்குள் மட்டும் ஓடும் அதே காருக்கு அந்தப் பணத்தை முதலில் வேறு இடத்தில் செலவிட வேண்டும். பிரித்தானியாவிலிருந்து தருவித்த டிஸ்க் பிறேக் தொகுதி ஒன்றை 1098 சிசி எஞ்சின் கொண்ட எங்கள் காரில் பொருத்தி, ஏ9 வீதியால் கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் ஓட்டிப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

பழைய ட்றம் பிறேக்கை (சில்லோடு சுழலும் உருளையான ட்றம்மை உள்ளிருந்து லைனிங்குகள் எனும் உராய்வுப் பட்டைகள் அழுத்தி நிறுத்துவது) குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. 948 சிசி காரின் முன் சில்லுகளில் 7 அங்குல ட்றம்கள் இருந்தன. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது அவை 8 அங்குலமாக்கப்பட்டன. ஒவ்வொரு முன் சில்லிலும், பிறேக் ஒயிலின் அழுத்தத்தால் லைனிங்குகளைத் தள்ளும் இரண்டு சிலிண்டர்கள் உள்ளன. முன்னோக்கி ஓடும்போது சுழலும் ட்றம்மே இரண்டு லைனிங்குகளையும் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்வதால், மெல்லிய மிதிப்புக்கே கார் கட்டுப்படுகிறது. பின்னோக்கி உருளும்போது அந்த இழுப்பு எதிர்ப்புறமாகி, முன் பிறேக் வெகுவாகப் பலமிழக்கிறது. ஏற்றத்தில் காரைப் பின்னெடுத்து நிறுத்தியவர்களுக்கு இது தெரியும். அதைவிடப் பெரிய குறை வெப்பம். நீண்ட இறக்கத்தில் ட்றம் சூடேறி விரியும்போது லைனிங்கிலிருந்து விலகிச் செல்கிறது, லைனிங்கின் பிடியும் குறைகிறது, பெடல் கீழே கீழே போகிறது. டிஸ்க் காற்றில் திறந்தபடி சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. அது சூட்டில் தடித்தாலும் பாட்களை நோக்கியே தடிக்கிறது.

தொகுதியில் இரண்டு டிஸ்க்குகள், பாட்களை அழுத்தும் கலிப்பர்கள், அவற்றைத் தாங்கும் இரும்புத் தகடுகள், பாட்கள், புதிய றப்பர்க் குழாய்கள், ஆணிகள் ஆகியவை இருந்தன. வேலைப்பாடு நேர்த்தியானது, துளைகள் இம்மியும் பிசகவில்லை, காரில் எதையும் வெட்டவோ ஒட்டவோ நேரவில்லை, பழைய 14 அங்குலச் சில்லுகளே கலிப்பரில் உரசாமல் பொருந்தின. பிந்திய காரான மொறிஸ் மரீனாவின் முன்பக்கம் மைனரின் அமைப்பிலிருந்தே வந்தது என்பதால், அதன் டிஸ்க்குகளைக் கழற்றி மைனருக்குப் பூட்டும் வழக்கம் பிரித்தானியாவில் முன்பு இருந்தது. பாதி தேய்ந்த பழைய பாகங்களைத் தேடி அலைவதிலும் பார்க்க, இப்படிப் புதிதாகச் செய்யப்பட்ட தொகுதி எவ்வளவோ மேல்.

செய்முறைக் குறிப்பு மட்டும் மிகவும் போதாது. பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதன் முனையிலுள்ள சிறு வால்வு குழாய்களில் எப்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. ட்றம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு அதே அழுத்தம் பாட்களை விடாமல் உரசவைத்துச் சூடேற்றிவிடும். ஆகவே அந்த வால்வை எடுக்க வேண்டும் அல்லது டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரைப் போட வேண்டும். உயிரோடு தொடர்புடைய இந்த வேலையைக் குறிப்பு ஒரே வரியில் கடந்துவிடுகிறது. பிறேக் ஒயிலின் அளவைப் பார்க்கக் கால்விரிப்பைத் தூக்க வேண்டிய காரில், பாட் தேயத் தேய ஒயில் மட்டமும் இறங்கும் என்பதால், எஞ்சின் பகுதியில் தனி ஒயில் குடுவை ஒன்றைச் சேர்த்துப் பூட்டுவது மிகவும் பயனுள்ளது. இந்தத் தொகுதியில் அது இல்லை, தனியாக வாங்கினோம்.

ஓட்டும்போது முதலில் தெரிவது பெடலின் கடுமை. டிஸ்க்கில் தன்னைத் தானே இறுக்கும் தன்மை இல்லை. காலின் பலம் முழுவதையும் நீங்களே கொடுக்க வேண்டும். வயதானவர்கள் ஓட்டும் காராயின் மிதிப்புக்குப் பலம் கூட்டும் வெற்றிட சேர்வோ ஒன்றைச் சேர்ப்பதே நல்லது. ஆனால் சேர்வோ எஞ்சினின் உறிஞ்சலில் இயங்குவது. பெற்றோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளும் பழக்கம் உள்ளவர்கள் அதை அடியோடு விட்டுவிட வேண்டும். புதிய பாட்கள் டிஸ்க்கோடு படியும் வரை முழுப் பிடியும் கிடைக்காது என்பதையும் எதிர்பார்த்திருங்கள். படிந்த பின்னர் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கியபோது, மேலே எந்த உயரத்தில் பெடல் நின்றதோ அதே உயரத்திலேயே அடிவாரத்திலும் நின்றது. ட்றம்மோடு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்கிய அதே பாதையில் இந்த மாற்றத்தை உணர்ந்தபோது, செலவழித்த பணத்தைப் பற்றிய தயக்கம் முழுவதும் போய்விட்டது. கியரில் இறங்குவதை இப்போதும் விட்டுவிடவில்லை, விடவும் கூடாது.

டிஸ்க் தராதவை சிலவும் உண்டு. வறண்ட சமதரையில் ஒரே ஒரு திடீர் நிறுத்தத்துக்கு, நன்றாகச் சரிசெய்த ட்றம்மே சில்லைச் சுழலவிடாமல் இறுக்கிவிடும்; அதற்குமேல் தீர்மானிப்பது டயர்தான். பின் பிறேக் பழைய 7 அங்குல ட்றம்மாகவே இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, நான்கு சில்லுகளுக்கும் ஒயில் போவது ஒரே சுற்றுவழியில். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் டிஸ்க்கும் வேலை செய்யாது, மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. ஒயிலை இரண்டு தனி வழிகளில் அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரோடு வரும் தொகுதி கிடைக்குமானால், விலை கூடினாலும் அதையே வாங்கும்படி சொல்வேன்.

நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் றப்பர்க் குழாய்களையும் சிலிண்டர்களின் றப்பர்களையும் புதிதாக்கி, லைனிங்குகளை ஒழுங்காகச் சரிசெய்து, ஒயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலே போதும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது; ஈரம் ஏறினால் குறைந்த சூட்டிலேயே கொதித்து, பெடல் பிடிக்காமல் போகும். டொட் 4 எனும் தரத்துப் பிறேக் ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய நிலைக்கான வரம்போ வெறும் 155 பாகை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே கார் ஓட்டிய எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் பிறேக்கில் மாற்று ஒயிலுக்கு இடமில்லை. எஞ்சின் ஒயில் சிறிது கலந்தாலும் றப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும். தொகுதியை வாங்கும்போதே மேலதிகமாக ஒரு சோடி பாட்களையும் கலிப்பர் றப்பர்களையும் சேர்த்துத் தருவித்துவிடுங்கள். உள்ளூர்க் கடைகளில் அவை கிடைப்பதில்லை.