ட்வின் டப்பா, ஃபிரண்ட் லோடா? தோட்டத்து அழுக்குக்கு எது ஈடுகொடுக்கும்

பழைய வாஷிங் மெஷின் கண்ணை மூடியதும் நாங்கள் வாங்கியது ட்வின் டப். ஒரு தொட்டியில் துவைத்து, ஈரத்துணியைக் கையால் அள்ளி அடுத்த தொட்டியில் போட்டுப் பிழிகிற அந்தக் காலத்து ரகம்தான். கடையில் முன்வரிசை முழுக்கக் கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரண்ட் லோட். இதை மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். "இந்தக் காலத்துல யாருக்கா இத வாங்குறா?" என்றான் கடைப்பையன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இன்னும் நிறைய பேர் வாங்குகிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும். விலை கூடினதைத் தள்ளிவிடப் பார்ப்பது அவன் பிழைப்பு.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபிரண்ட் லோட் தண்ணீரை மிச்சம் பிடிக்கும், துணியை முறுக்காது, தண்ணீரைத் தானே சுடவைத்துக்கொள்ளும். விலை அதிகம், ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். டாப் லோட் ஆட்டோ (மேலே மூடி வைத்து, தானாகவே துவைத்துப் பிழிகிற ரகம்) நடுவாந்தரம். குனிய வேண்டாம், பாதியில் மூடியைத் திறந்து விட்டுப்போன காலுறையைப் போடலாம், ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கும். ட்வின் டப் விலையில் கடைசி, நம்மிடம் வேலை வாங்குவதில் முதல். 500 வெள்ளி (ரிங்கிட்) அக்கம்பக்கத்தில் நல்லதாகவே கிடைக்கும். ஃபிரண்ட் லோட் என்றால் அதைவிட நிறையவே கொடுக்க வேண்டும்.

எந்த மெஷின் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் என்ன அழுக்கு சேருகிறது என்று பார்க்க வேண்டும். ஆபீஸ் சட்டைக்கு எந்த மெஷினும் போதும். எங்கள் வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அவர் கழற்றிப் போடும் சட்டையில் செம்மண், வியர்வை, மட்டைத் தூசி, அதற்கு மேல் உதிரிப்பழம் நசுங்கிய எண்ணெய். இதில் அந்த எண்ணெய்தான் வில்லன். செம்பனை எண்ணெய் 35 பாகை செல்சியஸ் வாக்கில்தான் நன்றாக உருகும். நம் குழாய்த் தண்ணீர் 27, 28 பாகை. அதனால் பச்சைத்தண்ணீரில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அது துணியில் இடம் மாறி உட்காருமே தவிர முழுசாகப் போகாது. தூளை அள்ளிக் கொட்டினாலும் அதே கதைதான்.

1959இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. அழுக்கு போக நாலு விஷயம் வேண்டும்: சவர்க்காரம், அலசும் வேகம், சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். ஃபிரண்ட் லோட் சூட்டையும் நேரத்தையும் நம்பி வேலை செய்கிறது. ட்வின் டப்பில் நாலும் நம் கையில் இருக்கிறது. நான் செய்வது இதுதான்: தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு, கெட்டிலில் கொதித்ததை அதில் கலந்து, கை வைத்தால் இதமாகச் சுடும் அளவுக்குக் கொண்டுவந்து (50 பாகைக்கு மேல் போகாதீர்கள், பிளாஸ்டிக் தொட்டிக்கு ஆகாது) தூளைக் கரைத்த பிறகு வேலைச் சட்டைகளைப் போடுவேன். கொஞ்ச நேரம் சுற்றவிட்டு நிறுத்தி ஊறவிடுவேன். சமையலை முடித்துவிட்டு வந்து மறுபடி முழு 15 நிமிடம். எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். மிச்சமிருக்கும் ஆரஞ்சு நிறக் கறைக்கு மெஷினை நம்ப வேண்டாம், வெயிலில் போடுங்கள். பழத்தின் சிவப்புச் சத்தை வெயிலே வெளுத்துவிடும். சட்டையில் கொட்டின சாம்பார் மஞ்சளும் அப்படித்தான்.

பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் பால் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்துபோன ரப்பர் பாலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினும் எடுக்காது. ஈரமாக இருக்கும்போதே பச்சைத்தண்ணீரில் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ட்வின் டப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரே தண்ணீரை மூன்று தடவை பயன்படுத்துவது. முதலில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, அதே சவர்க்காரத் தண்ணீரில் வீட்டுத் துணி, கடைசியில் தோட்டத்துத் துணி. ஆட்டோவில் இது நடக்காது, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பும். ஆகவே ஃபிரண்ட் லோட் தண்ணீர் மிச்சம் என்பதெல்லாம் ஒரு சுமைக்கு ஒரு சுமை பார்த்தால்தான்; வாரக்கடைசியில் மலைபோல் குவிந்த துணிக்குக் கணக்குப் பார்த்தால் நான் பெரிதாக எதையும் இழக்கவில்லை. மருந்தடிப்பவர் வீட்டில் இருந்தால் மட்டும் இந்த வித்தை வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்தாலும் வேறு களைக்கொல்லிகள் தோட்டத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தத் துணியைத் தனியாகத் துவைத்து, அப்புறம் வெறும் தண்ணீர் விட்டுத் தொட்டியைச் சுழற்றிக் கழுவுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் ட்வின் டப் பக்கம் சாய்ந்ததற்குப் பாதிக்கு மேல் காரணம் பராமரிப்பு. இன்னும் பச்சையாகச் சொன்னால், போர்டு.

ஆட்டோ மெஷின் எல்லாவற்றுக்கும் மூளை ஒரு மின்னணுப் பலகை. தண்ணீரைத் திறப்பது, அளவு பார்ப்பது, கதவைப் பூட்டுவது எல்லாம் அதுதான். அது இருக்கும் இடம் சூடாக, இருட்டாக இருக்கும், பல்லிக்கும் எறும்புக்கும் அதைவிட வசதியான வீடு கிடைக்காது. ஒரு பல்லி குறுக்கே விழுந்து கருகினால் போர்டு காலி. அடுத்தது இடி. மத்தியான மழைக்கு முன்னால் வானம் கறுக்கிறபோது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். வேலைக்குப் போன வீட்டில் யார் பிடுங்குவது? போர்டு போனால் 200, 300 வெள்ளி சர்வசாதாரணமாகக் கேட்பார்கள், அதுவும் சாமான் ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வர வேண்டும். என் தங்கை வீட்டு மெஷினுக்கு அந்தச் சாமானே நின்றுபோய்விட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். டிரம், மோட்டார் எல்லாம் திடமாக இருந்தது. முழு மெஷினும் இரும்புக் கடைக்குப் போனது.

ட்வின் டப்பில் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு மோட்டார், அவற்றைக் கிளப்பிவிடும் இரண்டு கபாசிட்டர், ஒரு பெல்ட், கடிகாரம் மாதிரி முறுக்குகிற டைமர், தண்ணீர் வெளியேற்றும் குழாய். துவைக்கும் தொட்டி உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கபாசிட்டர். சுற்றுகிறது ஆனால் துணி கனத்ததும் நின்றுவிடுகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். பின்பலகையைக் கழற்றி மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினால் சரி. பெல்ட் தேய்ந்தே போயிருந்தாலும் பத்துப் பதினைந்து வெள்ளிச் சாமான். பிழியும் தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தால் மட்டும் நாள் கடத்தாதீர்கள், ரப்பர் சீல் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் நேராக மோட்டாரில் இறங்கும், அப்புறம் செலவு கையைக் கடிக்கும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மின்விசிறி பார்க்கும் அண்ணனே இதையெல்லாம் பார்த்துவிடுகிறார், போர்டு என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

தண்ணீர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். குழாயில் தண்ணீர் நின்று மறுபடி வரும்போது முதலில் வருவது தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஆட்டோ மெஷினில் குழாய் சேரும் இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். குழாயைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், செம்பழுப்புச் சேறு அப்பியிருக்கும். அது அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும், மெஷின் பொறுத்துப் பார்த்துவிட்டு ஏதோ எழுத்தைக் காட்டி நின்றுவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகிவிடும், ஆனால் இது தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறவர்கள் நிறைய. வீட்டுக்கூரையில் தொட்டி வைத்தவர்களுக்கு இன்னொரு தலைவலி: ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தாழ்வான கூரை என்றால் ஆட்டோ மெஷின் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் தேறுவதே இழுபறி. ட்வின் டப்புக்கு வாளியில் மோந்து ஊற்றினாலும் போதும். கலங்கல் தண்ணீர் என்றால் நம் கண்ணுக்கே தெரியும், வெள்ளைத் துணியை ஒத்திப்போடலாம். அப்படி மஞ்சள் ஏறிய வெள்ளைச் சட்டைக்குக் குளோரின் பிளீச் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தண்ணீரில் உள்ள இரும்பு துரு நிறத்தில் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஃபிரண்ட் லோடைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். அதை நான் தங்கை வீட்டில் தங்கும்போதுதான் ஓட்டியிருக்கிறேன், அதனால் வருஷக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. துவைத்த துணி அருமையாக இருந்தது, அதில் பேச்சே இல்லை. சேலை, பட்டுச் சுடிதார் போன்றவற்றை ட்வின் டப்பில் போட எனக்கு இன்றும் மனசு வராது; கயிறு திரித்துவிடும். ஆனால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை நம் ஊர்ப் புழுக்கத்தில் துடைக்காமல் விட்டால் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடுகிறது, துவைத்த துணியிலேயே வாடை வருகிறது. ஒவ்வொரு தடவையும் துடைத்து, கதவைத் திறந்து வைக்க வேண்டும். நுரை அதிகமான தூளும் ஆகாது. மட்டைத் துண்டும் முள்ளும் சட்டைப்பையில் வரும் வீட்டில் கீழே உள்ள வடிகட்டியை அடிக்கடி கழற்றவேண்டியிருக்கும்.

ட்வின் டப்பின் குறையை மூடிமறைக்கவும் முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். சவர்க்காரத் தண்ணீரை வடித்து, பிழிந்து, திரும்பத் தொட்டியில் போட்டு அலசி, மறுபடி பிழிந்து... ஈரப் போர்வையைத் தூக்கித் தூக்கி இடுப்பு கேட்கும். காலையில் அஞ்சு மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பி, சாயங்காலம் வந்து சமைத்து, துணியும் துவைக்க வேண்டிய பெண்ணிடம் போய் ட்வின் டப் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு டாப் லோட் ஆட்டோதான் சரி, வலையை மாதம் ஒருமுறை கழுவிக்கொள்ளட்டும். எனக்குப் பகலில் வீட்டில் அத்தை துணை இருக்கிறார், தையல் வேலையும் வீட்டிலேயே, அதனால் ஓடுகிறது. பதிலுக்கு ஒரு லாபம்: இதன் பிழியும் தொட்டி சின்னது, ஆனால் நிமிடத்துக்கு 1,300 சுற்று வாக்கில் ஓடும். டாப் லோட் பெரும்பாலும் 700, 800தான். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும்போது வாசல் கொடியில் போட்ட சட்டை மறுநாள் பள்ளிக்கூட நேரத்துக்குள் காய்ந்துவிடுகிறது.

டோபி கடையையும் சிலர் சொல்வார்கள். காசு போடும் மெஷினில் ஒரு சுமை துவைக்க 5, 6 வெள்ளி, உலர்த்தத் தனி. போர்வைக்கும் திரைச்சீலைக்கும் நானும் போவேன். வாராவாரம் தோட்டத்துத் துணியை அங்கே கொண்டுபோனால் ஒரே வருஷத்தில் ட்வின் டப் விலை போய்விடும், அடுத்து வருகிறவர் துணியில் நம் செம்மண்ணும் ஏறும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். பிழியும் தொட்டி முழு வேகத்தில் சுற்றும்போது மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், சில நொடியில் நின்றாக வேண்டும். பிரேக் கம்பி தளர்ந்தால் தொட்டி சுற்றிக்கொண்டே இருக்கும், கையை விட்டால் துணி கையைச் சுற்றி முறுக்கி எலும்பை உடைத்துவிடும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பிரேக் சரியில்லாத மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.