விளையாட்டு மேலாண்மைப் பட்டம் என்று சொல்லி விற்கப்பட்டது தொலைநிலைப் பிபிஏ: சேர்வதற்கு முன் படியுங்கள்

சென்னைப் புறநகரில் இயங்கும் ஒரு தனியார் நிறுவனத்தில், விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு மேலாண்மைக்கான மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்ற விளம்பரத்தின் பேரில் என் மகளைச் சேர்த்து, முதலாண்டுக் கட்டணமாக 2,25,000 ரூபாய் செலுத்தினோம். அங்கே அப்படியொரு பட்டப்படிப்பே இல்லை என்பதும், வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பொதுவான தொலைநிலைப் பிபிஏ-வில் அவள் பெயரைப் பதிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அந்த நிறுவனம் தன் விருப்பப்படி நடத்திக்கொண்டிருந்தது என்பதும் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டன. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் நடந்ததை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியர். மகள் பள்ளிக் காலத்தில் மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவள். தன்னால் தேசிய அளவுக்குப் போக முடியாது என்று தெரிந்த பிறகும் விளையாட்டை விட்டு விலக மனமில்லாமல், போட்டிகளை நடத்தும் பக்கம் போக விரும்பினாள். அந்த விருப்பத்தில் தவறேதும் இல்லை. 2008-இல் ஐபிஎல், 2014-இல் புரோ கபடி, 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று தொடங்கியவை இன்று ஆண்டுதோறும் நடக்கின்றன. ஐபிஎல் போட்டிகளின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டுமே 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது. மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024-இல் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழகத்துக்கு வந்தன. இத்தனைக்கும் பின்னால் வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இந்த நிறுவனங்கள் பிள்ளைகளைப் பிடிக்கின்றன.

எங்களிடம் கொடுத்த கையேட்டில் கிரிக்கெட் வீரர்களின் படங்களும், லீக் அணிகளின் சின்னங்களும், அவற்றுக்கு மேலே 'எங்கள் தொழில்துறைப் பங்காளர்கள்' என்ற தலைப்பும் இருந்தன. கீழே, பொடி எழுத்தில், பல்கலைக்கழகத்தின் பெயர். சேர்க்கை அலுவலரிடம் இது எந்தக் கல்லூரியின் படிப்பு என்று நான் கேட்டபோது, "சார், டிகிரி யூனிவர்சிட்டி டிகிரிதான், அதுல சந்தேகமே வேண்டாம், பிராக்டிகல் டிரெய்னிங் மட்டும் நாங்க கொடுக்கிறோம்" என்றார். தொலைநிலை என்ற சொல் அவர் வாயிலிருந்தும் வரவில்லை, கையேட்டிலும் இல்லை. சேர்க்கை நாளில் மகளின் கைப்பேசியை வாங்கி, வந்த ஓடிபி எண்களைக் கேட்டு, ஏதோ பதிவு செய்தார்கள்; "அகாடமிக் கிரெடிட் ஐடி, எல்லா காலேஜ்லயும் கேப்பாங்க" என்று விளக்கம் சொன்னார்கள். அதே அமர்வில் அவள் பெயரில் டெப் ஐடியையும் உருவாக்கியிருக்கிறார்கள். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேர்பவர்களுக்கு மட்டும் 2024 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கட்டாயமாக்கிய அடையாள எண் அது. நேரடிக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு அது தேவையே இல்லை. உங்கள் பிள்ளையிடம் டெப் ஐடி கேட்கப்பட்டால், என்ன படிப்பில் சேர்க்கிறார்கள் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

வகுப்புகள் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளில் நடந்தன. விளையாட்டு மேலாண்மை என்பது கற்றுத்தர வேண்டியவை நிறைந்த படிப்பு. ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும், விளம்பரதாரருக்கு எந்தெந்த உரிமைகளை எழுதிக் கொடுக்கலாம், டிக்கெட் விற்பனைக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது, கூட்டத்தை எத்தனை வாயில்கள் வழியே வெளியேற்றுவது, இசை நிகழ்ச்சியென்றால் காவல்துறை அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, பாடல்களுக்கான உரிமம் ஆகியவற்றை யாரிடம் பெறுவது என்பவையெல்லாம் பாடமாக வேண்டியவை. இவற்றில் எதற்கும் பாடநூலோ பயிற்சி ஏடோ கிடையாது. மாதம் ஒருமுறை 'விருந்தினர் உரை' இருந்தது. மற்ற நாட்களில் இணையத்திலிருந்து எடுத்த படக்காட்சிகளைத் திரையில் ஓட்டி, அவற்றைப் படித்துக் காட்டினார்கள். பருவத் தேர்வுக்கு வந்ததோ நிதிக் கணக்கியலும் வணிகப் பொருளியலும். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் விளையாட்டு என்ற பெயரில் ஒரு தாள்கூட இல்லை.

என்னை மிகவும் வருத்தியது உள்ளகப் பயிற்சி என்ற பெயரில் நடந்ததுதான். சென்னையில் இரவு ஆட்டம் ஒன்றுக்கு மகளையும் அவளுடன் படித்தவர்களையும் பிற்பகல் இரண்டு மணிக்கே வரச் சொன்னார்கள். ஆளுக்கொரு பனியன், கழுத்தில் தன்னார்வலர் என்று அச்சிட்ட அட்டை, கையில் டிக்கெட்டை ஸ்கேன் செய்யும் கருவி. பார்வையாளர் வாயிலில் நின்று டிக்கெட்டுகளைச் சரிபார்ப்பதும், தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வாங்கித் தொட்டியில் போடுவதும்தான் வேலை. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது நள்ளிரவு ஆகிவிட்டது. பெண் பிள்ளைகள் வீடு திரும்ப வண்டி ஏற்பாடு எதுவும் இல்லை. இதற்கு மாணவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. ஆட்களை அனுப்பியதற்காக அந்த நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்ததைப் பின்னர் அந்த ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரே மகளிடம் சொன்னார். வாயிலில் நிற்பது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்த மாணவரைக் கூலியில்லா ஆளாக இன்னொருவருக்கு அனுப்பி, அதையும் மதிப்பெண்ணுள்ள பயிற்சி என்று எழுதிக் கொடுப்பது சுரண்டல்.

இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்டபோதுதான் எல்லாம் வெளிவந்தது. வங்கி மேலாளர், மகள் அங்கே படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழும் கட்டண விவரமும் கேட்டார். நிறுவனம் பல வாரங்கள் இழுத்தடித்துக் கொடுத்த தாளில் பல்கலைக்கழகத்தின் பெயரோ முத்திரையோ இல்லை. ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் முகவரி இருந்தது. மேலாளர் என்னிடமிருந்த பழைய ரசீதுகளையும் வாங்கிப் பார்த்தார். அவற்றிலும் அதே கம்பெனியின் பெயர், ஜிஎஸ்டி எண், 'திறன் பயிற்சிச் சேவை' என்ற விவரம். "சார், யூனிவர்சிட்டி ஃபீஸ்னு ஒரு ரூபா ரசீதுகூட உங்ககிட்ட இல்லையே" என்றார். பிறகு மகளின் பதிவு எண்ணைக் கொண்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் தளத்தில் பார்த்தோம். தொலைநிலை முறை, பிபிஏ, பொது என்று இருந்தது. அங்கே காட்டிய ஆண்டுக் கட்டணம் நாங்கள் செலுத்தியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யுஜிசி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் செல்லாத பட்டம் அல்ல. அது நேரடிப் பட்டத்துக்குச் சமமானது என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு அது நல்ல வழி. எங்களுக்கு நடந்த அநியாயம், ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்து, அதற்கு ஐந்து மடங்குக்கு மேல் விலை வாங்கியது. 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம் 22-ஆம் பிரிவின்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. தொலைநிலைப் படிப்பைத் தனியாருக்குக் குத்தகை போல விட்டு நடத்துவதை யுஜிசி விதிகள் தடை செய்கின்றன. நேரடிப் பிபிஏ நடத்தும் கல்லூரி என்றால், 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் ஒப்புதலும் கேட்கப்படுகிறது. அந்த ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிய யுஜிசி விதிகள் கல்லூரிகளுக்குத்தான் பொருந்தும், நாங்கள் பயிற்சி நிறுவனம் மட்டுமே என்று எழுத்திலேயே பதில் கொடுத்தார்கள். அந்தப் பதில்தான் இன்று எங்கள் புகாரின் முக்கிய ஆவணம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020 ஜனவரியில் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையம், பயிற்சி நிறுவனங்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்பதையும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழக இணைப்பு இருப்பதாகப் பொய் விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த பீகார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று, கட்டணத்தை வட்டியுடன் திருப்பித் தந்து இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் எங்கள் வழக்கறிஞர் புகாரில் சேர்த்திருக்கிறார். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். மகளின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகப் பிடித்து வைத்திருந்தார்கள். கல்லூரிகளே அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-இல் அறிவித்திருக்கும்போது, தன்னைக் கல்லூரியே இல்லை என்று சொல்லும் கம்பெனிக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? வழக்கறிஞர் அறிவிக்கை போன பிறகுதான் அவை கைக்கு வந்தன.

இந்தத் துறையில் உண்மையான படிப்புகள் இல்லாமல் இல்லை. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மாநில அரசின் சட்டப்படி அமைந்தது. விளையாட்டு மேலாண்மையில் எம்பிஏ அங்கே உண்டு. ஏதேனும் ஒரு நல்ல கல்லூரியில் நேரடிப் பட்டம் முடித்துவிட்டு, மேற்படிப்பில் இந்தத் துறைக்கு வருவதே பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. வேறு எங்கே சேர்ப்பதாக இருந்தாலும், பணம் யார் கணக்குக்குப் போகிறது, ரசீதில் யார் பெயர், பட்டத்தில் எந்தப் படிப்பின் பெயர், எந்த முறை என்று எழுதப்படும் என்பதைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். "இன்னிக்கே கட்டினா சீட் உறுதி" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த நிறுவனத்தில் இப்போதும் சேர்க்கை நடக்கிறது. இதுபோன்ற இடத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, கையேடு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் உடனே புகாரைப் பதிவு செய்யுங்கள்.