துளையில்லாத தொட்டியும் "டெய்லி ஒரு கிளாஸ்" தண்ணீரும்: இன்டோர் செடி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தக்கலைப் பக்கம் ஒரு புதுவீடு. பால்காய்ச்சு முடிந்த கையோடு ஹாலில் வைக்க மூன்று செடிகள் வாங்கினார்கள். அக்லோனிமா ஒன்று, ஸ்னேக் பிளான்ட் ஒன்று, ஜீஜீ பிளான்ட் ஒன்று. ரோட்டோர நர்சரி. மூன்றும் பளபளப்பான பீங்கான் தொட்டியில், மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, மொத்தம் 3,200 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டதற்கு வந்த பதில்: "அக்கா, டெய்லி ஒரு கிளாஸ் வெள்ளம் விட்டா போதும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

மூன்றாவது வாரம் அக்லோனிமாவின் அடியிலைகள் மஞ்சளாகித் தொங்கின. போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். "சத்து பத்தல" என்று 19:19:19 உரம் ஒரு பாக்கெட், டானிக் ஒரு பாட்டில், பூஞ்சை மருந்து ஒரு பொட்டலம் என்று இன்னும் 680 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். சில நாளில் ஸ்னேக் பிளான்ட் அடியோடு சாய்ந்தது. மறுபடி போனால் "தொட்டி சின்னதா போச்சு, பெருசு எடுங்க." அதற்குப் பிறகு போனபோது "உசுருள்ள பொருளத் திருப்பி எடுக்க மாட்டோம்." அந்த அக்கா தன் கைராசியைத்தான் நொந்துகொண்டார். கைராசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தத் தொட்டியில், அந்த அறிவுரைப்படி வளர்த்தால் யார் வளர்த்தாலும் செடி அழுகத்தான் செய்யும்.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் துளையே இல்லை. முதலில் வடிந்தது காப்பி நிறத்தில் ஒரு டம்ளருக்கும் மேலான தண்ணீர், சாக்கடை நாற்றம். பிறகு இரண்டு அங்குல உயரத்துக்குச் சல்லி, அதன்மேல் சொதசொதவென்ற கோகோபீட், அதாவது தென்னைநார்த் தூள். வேர் ஒன்றை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் நின்றது. வேர் அழுகல் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அங்குலத் தொட்டியில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கலவைதான் பிடிக்கும். கிளாஸ் என்றால் 200 மில்லி. ஏழு நாளில் 1,400 மில்லி. வெளியேற வழியில்லாத பாத்திரத்தில் இவ்வளவு ஊற்றினால் கலவைக்குள் காற்று இருக்கவேண்டிய இடமெல்லாம் தண்ணீராகிவிடும். வெளிச்சம் குறைந்த ஹாலில் நிற்கும் ஸ்னேக் பிளான்ட் ஒரு வாரத்தில் குடிப்பது இதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. வேருக்கும் பிராணவாயு வேண்டும். அது கிடைக்காதபோது நுனிவேர்கள் செத்துப்போகும், அழுகிய வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகள் ஏறும். தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லாததால் இலை வாடும். வாடுகிறதே என்று பார்ப்பவர் இன்னும் ஒரு கிளாஸ் ஊற்றுவார்.

"அடியில கல்லு போட்டிருக்கு, வெள்ளம் கீழ போயிரும்" என்பார்கள். துளை இல்லாத தொட்டியில் அந்தக் கல் வெறும் குளம். துளை இருந்தாலும் கல் அடுக்கு உதவாது. நுண்மையான கலவை முழுக்க ஊறிய பிறகுதான் அதிலிருந்து தண்ணீர் பெரிய கல்லுக்குள் இறங்கும். ஆகவே ஈரம் தேங்கும் பகுதி வேருக்குப் பக்கமாக மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். மேலே பரப்பிய வெள்ளைக் கல்லும் அழகுக்கு மட்டுமல்ல. மண்ணைத் தொட்டுப் பார்க்கவிடாமல் மறைக்கிறது, ஆவியாவதையும் தடுக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

நர்சரியில் அதே செடி ஜம்மென்று இருந்ததே என்று கேட்கலாம். அங்கே நிழல்வலைக்கு அடியில் நல்ல வெளிச்சம், காற்றோட்டம், துளை நிறைந்த பிளாஸ்டிக் தொட்டி. தினம் தண்ணீர் விட்டாலும் அன்றே வடிந்து காய்ந்துவிடும். நம் ஹாலுக்கு வந்ததும் வெளிச்சம் பல மடங்கு குறைகிறது, செடியின் தாகமும் குறைகிறது. கோகோபீட் மட்டும் நிரப்பி வருகிற செடிகளில் இன்னொரு தொல்லை, மேல்பக்கம் காய்ந்து வெளுத்திருக்கும், நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மேல் மண்ணைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

நம் குமரி மாவட்டத்துக்கு "இத்தனை நாளுக்கு ஒருமுறை" என்று ஒரே கணக்குச் சொல்லவே முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஜூன், ஜூலையில் குலசேகரம், பேச்சிப்பாறை, மார்த்தாண்டம் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். ஒருமுறை ஊற்றியது பத்து நாளானாலும் காயாது. அதே மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊர்களில் ஜன்னலோரத் தொட்டி மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். நாள் கணக்கில் தண்ணீர் விடச் சொல்கிற கடைக்காரர் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

அதனால் தொட்டியைக் கேளுங்கள். தென்னை ஈர்க்கில் ஒன்றை எடுத்துத் தொட்டி ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். கீழ்ப்பாதி நிறம் மாறி ஈரமாக, துகள் ஒட்டியபடி வந்தால் தண்ணீர் வேண்டாம். அக்லோனிமா, மணி பிளான்ட், சிங்கோனியத்துக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் போதும். ஸ்னேக் பிளான்ட், ஜீஜீ இரண்டுக்கும் அடிவரை காய வேண்டும். தண்ணீர் விட்ட அன்றும் காய்ந்த அன்றும் தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையைக் கையில் பழக்கிக்கொள்வது இன்னும் நல்லது. கடையில் விற்கிற மலிவு ஈரமானியை நம்பவேண்டாம். அது மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. கோகோபீட்டிலோ உரத்திலோ உப்பு மிகுந்திருந்தால் தவறாகவே காட்டும்.

மஞ்சள் இலை என்றால் உடனே உரக்குறை என்று சொல்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மண்ணு ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?" அவர் அதைக் கேட்காமலே பாக்கெட்டை எடுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள். மண் காய்ந்து இலை வாடினால் அது தாகம். ஓரம் மொறுமொறுப்பாகும், தொட்டி இலேசாக இருக்கும். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால் வேர் போய்விட்டது. அப்போது அடியிலைகள்தான் முதலில் மென்மையாக, ஈரப்பசையோடு மஞ்சளாகும், தண்டின் அடி விரலால் அமுக்கினால் அமுங்கும். தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மேல்மண் காயவே இல்லை என்று அர்த்தம். பீஸ் லில்லி தாகத்துக்கும் தொங்கும், அழுகலுக்கும் தொங்கும், ஆகவே இலையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஜீஜீயும் ஸ்னேக்கும் அதைவிட மோசம். கிழங்கிலும் இலையிலும் நீர் சேமித்திருப்பதால் வேர் முழுக்கப் போன பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஒருநாள் இலையைத் தொட்டால் அடியோடு கழன்று வரும். விற்பவருக்கு இது வசதி, அதற்குள் மாதம் ஓடிவிடுகிறது.

அழுகிய வேர் இருக்கும்போது உரம் போடுவது தவறு. துளையில்லாத தொட்டியில் உப்பு வெளியேற வழியில்லை, மிச்சமிருக்கும் நல்ல வேரும் கருகும். பூஞ்சை மருந்து என்று கொடுக்கிற பொட்டலம் பெரும்பாலும் கார்பெண்டாசிம். பித்தியம், பைட்டோப்தோரா இரண்டும் உண்மையான பூஞ்சைகளே அல்ல, அதற்கு அவை அடங்காது.

காப்பாற்ற வேண்டுமானால் செடியை வெளியே எடுக்கத்தான் வேண்டும். மேலே காயட்டும் என்று காத்திருப்பது ஆரம்ப நிலைக்கு மட்டும் சரி. தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவி, பழைய கலவையை முழுக்க உதிர்த்து, குழாய்த் தண்ணீரில் வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும். பழுப்பும் கறுப்புமாகக் கொழகொழப்பதை எல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டிவிடுங்கள். ஜீஜீக்குக் கிழங்கையும் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருப்பதைப் பிரித்தெறியுங்கள். வேரில் பாதி போயிருந்தால் இலையிலும் மூன்றில் ஒரு பங்காவது குறையுங்கள், மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. அக்லோனிமா போன்றவற்றைச் சில மணி நேரம் நிழலில் உலரவிட்டால் போதும். ஸ்னேக், ஜீஜீ என்றால் இரண்டு மூன்று நாள், வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை. தண்டின் அடி அழுகத் தொடங்கியிருந்தால் மட்டும் நட்டபின் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஒரே ஒருமுறை ஊற்றலாம், கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில்.

பெரிய தொட்டி வாங்காதீர்கள். வேர் குறைந்த செடிக்குத் தொட்டியும் சிறியதாக வேண்டும். வேர்ப்பந்தைச் சுற்றி ஒரு அங்குலம் இடம் போதும், அடியில் குறைந்தது நான்கு துளை. கலவைக்குக் கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பருமணலோ சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைத்த செங்கல்லோ ஓட்டுத்துண்டோ இரண்டு பங்கு. ஸ்னேக், ஜீஜீக்குக் கல் பங்கை மூன்றாக்குங்கள். எம் சாண்டில் தூள் மிகுதி, சலித்துக் கழுவாமல் போட்டால் இறுகிவிடும். நம் வயல்களில் கிடைக்கும் செம்மண்ணும் தனியாகப் போட்டால் தொட்டிக்குள் கட்டிதட்டும். உள்ளூர் கோகோபீட்டில் உப்பு இருக்கக்கூடும், முக்கியமாக உவர்நீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்ததில். வாளியில் ஊறவைத்து, வடியும் நீர் காப்பி நிறத்திலிருந்து வெளிறும்வரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள்.

அக்லோனிமா வகையை நட்டதும் ஒருமுறை அடியில் வடியும்வரை தண்ணீர். ஸ்னேக்கும் ஜீஜீயும் ஒரு வாரம் வறண்ட கலவையிலேயே இருக்கட்டும். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் வையுங்கள், ஆறு வாரம் உரம் வேண்டாம். புதுக் குருத்து வந்தால் வேர் பிடித்துவிட்டது. வேர் முழுக்கப் போயிருந்தாலும் தண்டு திடமாக இருந்தால், கணு இருக்கும் துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள், மணி பிளான்டும் அக்லோனிமாவும் வேர்விடும். ஸ்னேக் பிளான்ட் இலைத்துண்டிலிருந்தும் வரும், ஆனால் மஞ்சள் விளிம்பு வகை இலைத்துண்டிலிருந்து முளைத்தால் விளிம்பு வராது, வெறும் பச்சைதான்.

"மணி பிளான்ட் வெறும் வெள்ளத்துலயே வளருதே" என்று கடையில் வாதாடுவார்கள். பாட்டிலில் முளைத்த வேர் அந்தத் தண்ணீருக்கேற்பவே உருவாகிறது, பாட்டில் தண்ணீரையும் நாம் மாற்றுகிறோம். மண்ணில் வளர்ந்த வேரை நாறுகிற சேற்றில் முக்கிவைப்பது வேறு.

வாங்கிவிட்ட பீங்கான் தொட்டியை வீணாக்க வேண்டாம். செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அதற்குள் இறக்கலாம், தண்ணீர் விட்டு இருபது நிமிடத்தில் வெளித்தொட்டியில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். துளையிடுவதென்றால் டைல்ஸுக்கான டைமண்ட் பிட், 8 அல்லது 10 மில்லிமீட்டர், சுத்தியல் மோடு இல்லாமல், மெதுவான வேகத்தில், இடத்தை ஈரமாக வைத்துக்கொண்டே.

பணத்தைப் பற்றி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராமலிருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ஆகவே வாங்கிய அன்றே தொட்டியின் அடிப்பக்கத்தையும் செடியையும் போட்டோ எடுங்கள், ஜிபேயில் பணம் கொடுத்த பதிவை அழிக்காதீர்கள், பராமரிப்பு என்ன என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. தக்கலை அக்காவிடம் இருப்பது விசிட்டிங் கார்டும் ஜிபே பதிவும், உரம் வாங்கிய நாளின் போட்டோக்களும்தான். புகார் கொடுக்க அவை போதும், கொடுத்தாகிவிட்டது.