அச்சுப் பாடநூலா, திறந்த மின்னூலா?

யாழ்ப்பாணத்தில் தமிழ் வழியில் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர்கள் பலரின் குழப்பம் இது: கையிலுள்ள குறிப்புகளைப் பாடநூலாக்க முன்மொழிவு எழுதவேண்டும். அச்சு நூலுக்காகப் பதிப்பகத்துக்கா, எவரும் இலவசமாகப் படிக்கும் திறந்த மின்னூலுக்காகப் பல்கலைக்கழகத் துறைக்கா?

முன்மொழிவு:
அச்சு – "யார் வாங்குவார்கள்?" என்பதே பதிப்பகத்தின் முதற்கேள்வி. ஆண்டுதோறும் சேரும் மாணவர் தொகை, ஏற்கெனவே உள்ள நூல்களில் விடுபட்டது எது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.
மின்னூல் – பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு எந்த அத்தியாயம் என்ற அட்டவணைதான் உயிர்.

இரண்டுக்கும் மாதிரி அத்தியாயம் வேண்டும். தயவுசெய்து அறிமுக அத்தியாயத்தை அனுப்பாதீர்கள். அது எவருக்கும் எழுத வரும். மாணவர்கள் ஆண்டுதோறும் தடுமாறும் பகுதியை, வரைபடமும் விடையுடன் கூடிய பயிற்சியும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் கற்பித்தல் அங்கேதான் தெரியும்.

செலவு:
அச்சு – தாள், கட்டு, விநியோகம்.
மின்னூல் – பணம் குறைவு, உழைப்பு கூட.
பிறர் படங்களுக்கு அனுமதி இரண்டிலும் தேவை.

திருத்தம்:
அச்சு – அடுத்த பதிப்புவரை பிழை நிற்கும்.
மின்னூல் – அன்றே திருத்தலாம்.

ஆயுள்:
அச்சு – நூலகத் தட்டில் நிற்கும்.
மின்னூல் – நூலை வைத்திருக்கும் வழங்கி (சர்வர்) செயலிழந்தால் நூலும் போய்விடும். 1981இல் பொது நூலகத்தை எரியக் கொடுத்த ஊர் இது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதை என்னால் ஏற்க முடியாது. முன்மொழிவிலேயே இரண்டாவது சேமிப்பிடத்தைக் குறிப்பிடுங்கள்.

இலக்கணம், அடிப்படைக் கணிதம் போல மெல்ல மாறும் பாடங்களுக்கு அச்சு. கணினி, வரிச்சட்டம் போன்றவற்றுக்கு மின்னூல்தான்.