60 பாகை கண்ணாடி முப்பட்டகம்: எதைப் பார்த்து வாங்குவது?

வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் இந்த முக்கோணக் கண்ணாடி, ஆய்வகப் பொருள் கடைகளில் கிரவுன், ஃபிளிண்ட் என இரண்டு வகைக் கண்ணாடிகளில் கிடைக்கிறது. எதுவென்று கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாள் வைத்தால் கிரவுன் தரும் நிறப்பட்டை மூன்று செ.மீ.கூடத் தேறாது. அடர் ஃபிளிண்ட் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் விரிக்கும். சிவப்பைவிட ஊதா அதிகமாக வளைகிறது. அந்த வித்தியாசம் ஃபிளிண்டில் கூடுதல்.

"நிறமே வரவில்லை, வெள்ளையாகத்தான் விழுகிறது" என்று குறை சொல்பவர்கள் ஒளியை ஒடுக்கி அனுப்பும் மெல்லிய பிளவை மறந்திருப்பார்கள். ஒளிக்கற்றை அகலமானால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடுவில் மறுபடி வெள்ளையாகிவிடும். ஓரங்களில் மட்டும் சாயம் தெரியும். கறுப்பு அட்டையில் 1 மி.மீ. பிளவு வெட்டி, முப்பட்டகத்தின் விளிம்புக்கு இணையாக நிறுத்துங்கள். பிறகு முப்பட்டகத்தை மெல்லத் திருப்புங்கள். பட்டை நகர்ந்து, நின்று, திரும்பி வரும். நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில்தான் சிறந்த விளக்கு. எல்இடி டார்ச்சில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மங்கலாக ஒரு பள்ளம் விழும்.

இதற்காகவே வாங்கலாம்: சிவப்புக் காகிதத் துண்டைப் பட்டைக்குள் நகர்த்துங்கள். சிவப்பில் பளிச்சென்று இருக்கும். பச்சைக்கு வந்ததும் கிட்டத்தட்டக் கறுத்துப்போகும். திருப்பி அனுப்பச் சிவப்பு அங்கே இல்லை, பச்சையைக் காகிதம் விழுங்கிவிடுகிறது.

முப்பட்டகத்தின் விளிம்பு எளிதில் சில்லு பெயரும். சொரசொரப்பான முக்கோண முனைகளைப் பிடித்தே தூக்குங்கள்.