கல்லடி இமேஜ் ப்ராசஸிங் கிளாஸ்: ஆறு சனிக்கிழமை போனவள் சொல்லுறன்

சென்டர்ட பேர் போடல்ல. மட்டக்களப்பில பாலம் தாண்டி கல்லடிப் பக்கம், மேல்மாடியில நடக்குது. 12,000 ரூபா, ஆறு சனிக்கிழமை, பைத்தன் கொம்பியூட்டர் மொழியில ஓப்பன்சிவி, அதாவது படங்களைக் கையாளுற கருவித் தொகுப்பு. சேர் நல்லாப் படிப்பிக்கிறார், எத்தின தரம் கேட்டாலும் கோவிக்க மாட்டார். ரெண்டு பேருக்கு ஒரு கொம்பியூட்டர், அதுதான் கரைச்சல்.

ரெண்டாவது கிழமை நடந்ததைக் கட்டாயம் எழுதோணும். சேர் புரொஜெக்டர்ல லெனா படத்தைப் போட்டார், அதான் இறகு வச்ச தொப்பி போட்டுத் தோளுக்கு மேலால திரும்பிப் பார்க்கிற பொம்பிள, இந்தப் பாடம் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை "ஆர் சேர் இது" எண்டு கேட்டிட்டா. அவர் மறைக்கல்ல, 1972 நவம்பர் ப்ளேபாய் எண்ட, ஆம்பிளைகளுக்கெண்டு நிர்வாணப் படம் போடுற புத்தகத்து நடுப்பக்கப் படம், 1973ல அமெரிக்காவில தெற்கு கலிபோர்னியா யூனிவர்சிட்டி லேப்ல ஸ்கேன் பண்ணி தோளுக்கு மேல மட்டும் 512க்கு 512 பிக்சல் எண்டு எடுத்தது, அண்டையில இருந்து உலகம் முழுக்க புது முறைகளைச் சோதிச்சுப் பார்க்கிற டெஸ்ட் படம் இதுதான் எண்டு சொன்னார். கேட்ட பிள்ளை மறுகா தலை நிமிரவே இல்ல. நாங்க ஏழு பொம்பிளப் பிள்ளைகள் இருந்தம், ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

அப்ப பின்னுக்கு இருந்த தம்பி ஒருத்தர், 2024 ஏப்ரல் 1ல இருந்து ஐ ட்ரிபிள் ஈ கம்ப்யூட்டர் சொசைட்டி எண்ட, ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுற கொம்பியூட்டர் துறைச் சங்கம் இந்தப் படம் இரிக்கிற கட்டுரைகளை எடுக்கிறதில்லயாம், இது தணிக்கைதானே சேர் எண்டார். எனக்குப் பொறுக்கல்ல, எழும்பிக் கதைச்சன். படத்தை ஆரும் அழிக்கல்ல, நெட்ல தேடினா இப்பவும் வரும், பழைய கட்டுரைகளும் அப்பிடியே இரிக்கு, வச்சிருந்தாப் பிடிக்கவும் மாட்டாங்க. எங்கட வேலைக்கு இனி இதை எடுக்க மாட்டம் எண்டு ஒரு சங்கம் முடிவு எடுத்திரிக்கு, அவ்வளவுதான். 2004 மே மாசம் ஐயாத்துரை நடேசனை இந்த ஊர் ரோட்டில சுட்டாங்களே, வேலைக்குப் போற வழியில, பத்திரிகைக்காரன் எண்டதால. வாயை அடைக்கிறது எண்டா அது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்து இதுக்கு ஒட்டாதீங்க தம்பி எண்டு சொன்னன். லெனாவே 2019ல, மாடலிங் விட்டுக் கனகாலம், டெக் உலகத்தில இருந்தும் நான் ரிட்டயர் ஆகிற நேரம் வந்திட்டு எண்டு சொல்லியிரிக்கிறா, அவ சொன்னதைக் கேக்க வேணாமா?

தம்பி சொன்ன ஒரு விசயம் நியாயம்தான், பழைய ரிசல்ட்டோட ஒப்பிட அதே படம் வேணும். ஆனா இதே மாதிரிச் சோதிக்கிறதுக்கு கோடாக் கம்பெனிட 24 படத் தொகுப்பு இரிக்கே, அதிலயும் எத்தினையோ பேர் ரிசல்ட் போட்டிரிக்காங்க.

சேர் கேட்டுக்கொண்டே இருந்தவர், அடுத்த கிழமை சொல்லாமலே படத்தை மாத்திட்டார். மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒண்டு, பின்னேர வாவி ஒண்டு, ரெண்டும் அவர் போன்ல எடுத்தது. ஜேபெக்ல, அதான் படத்தைச் சுருக்கிச் சேமிக்கிற முறையில, தரத்தைக் குறைக்கக் குறைக்க வாவிப் படத்தில வானம் 8க்கு 8 பிக்சல் கட்டம் கட்டமா உடையுது, சாரியில மெல்லிய கட்டங்கள் கலங்கிப் போகுது, எனக்கு அண்டைக்குத்தான் அந்தப் பாடமே விளங்கின. கேள்வி கேட்ட பிள்ளை அண்டைக்கு முன் வரிசையில வந்து இருந்தா.

நோட்ஸ்ல நாலாம் பாடத்தில இன்னும் லெனாதான் இரிக்கு, அடுத்த பேட்ச்சுக்கு அதையும் மாத்தி அடிச்சுக் குடுங்க சேர். என்ட தங்கச்சிக்கு இப்பவே பேர் குடுத்திட்டன்.